காரணமற்ற வளைவு

கவுன்சில் கோப்பு எண் நாற்பத்தொன்று.
பொருள்: கில்தாரன் பிரதான சாலையில்
காரணமற்ற வளைவு.
நிமிர்த்தலாமா, எவ்வளவு ஆகும்,
வெள்ளிக்கிழமைக்குள் நான் சொல்ல வேண்டும்.

மெல்பர்னிலிருந்து அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல்
ஓடிவரும் சாலை
மருந்துக்கடை தாண்டியதும்
யாருக்கோ வழிவிடுவதாக ஒதுங்குகிறது.
இடப்பக்கம் பதினான்கு மீட்டர்.
அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி நேர்.
பேருந்தில் நிற்பவர்கள் அந்த இடத்தில்
எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள்,
கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

பழைய வரிப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கினேன்.
தோல் அட்டை, எலி தின்ற ஓரம்.
1853: கூடாரம் ஏழு. ஆண்கள் பதினொருவர்.
பன்றிகள் எண்ணப்படவில்லை.
ஓடைக்கு அதற்கு முன்பும் ஒரு பெயர் இருந்திருக்கும்.
அப்படி அழைத்தவர்களை எந்தப் பதிவேடும் அழைக்கவில்லை.
அந்தப் பக்கம் கிழிந்துபோனதல்ல,
தைக்கப்படவே இல்லை.

1855: மைக்கேல் கினேன், அயர்லாந்தில் கிளேர்க்காரன்,
கல் பொறுக்குபவன்.
இந்த மண்ணில் மண்வெட்டி வைத்தால்
கிழங்குக்கு முன் கல்தான் விளையும்.
பொறுக்கிய கல்லில் வேலிச்சுவர் வைத்தார்கள்.
மிஞ்சியதில் தேவாலயம்.
அதிலும் மிஞ்சியதை மெல்பர்னுக்கு விற்றார்கள்.

1858: மைக்கேல் பெயரின்மேல் சிவப்புக் கோடு.
கீழே வேறு மையில்
ஹொனோரா கினேன், விதவை.
வீடு பலகை. அறை இரண்டு.
தொழில் என்ற கட்டத்தில் எழுத்தர்
‘துணி வெளுப்பு’ என்றெழுதி அடித்திருக்கிறார்.
நீதிமன்றக் குறிப்பு மீதியைச் சொல்கிறது:
உரிமமின்றிச் சாராயம், அபராதம் ஐந்து பவுண்டு.
மூன்று முறை.
மூன்று முறையும் சில்லறையாகவே கட்டியிருக்கிறாள்.

1861இல் சாலை வந்தது.
சர்வேயர் பெல்லிங்கம் கயிறு பிடித்தபோது
கயிறு அவள் சமையலறைக்குள் போனது.
அவர் கடிதம் இருக்கிறது, மணியான கையெழுத்து:
‘அந்தப் பெண் என் கயிற்றை அவிழ்த்துக்
கொடியாகக் கட்டித் துணி காயப்போட்டுவிட்டாள்.
முளைக்குச்சிகளை அடுப்பில் வைத்துவிட்டாள்.
என் ஆட்கள் வீட்டை இடிக்க மறுக்கிறார்கள்.
அத்தனை பேரும் அவளிடம் கடன்பாக்கி.’

அடுத்த வரைபடத்தில் வளைவு இருக்கிறது.

வளைவில் வண்டிகள் மெதுவாகும்.
மெதுவான இடத்தில் ஒருவன் லாடம் அடித்தான்.
குதிரை நிற்கும் நேரத்துக்கு ஒரு ரொட்டிக்கடை.
ரொட்டி கடித்து உடைந்த பல்லுக்கு ஒரு வைத்தியன்.
ரயில் இரண்டு மைல் தள்ளிப் போனது,
ஊர் அதன் பின்னால் ஓடவில்லை,
இருந்த இடத்திலேயே தடித்தது.
பிறகு டயர் ஆலை, மால்டாக்காரர்கள், திராட்சைப் பந்தல்,
தேவாலயத்தில் இரண்டு மொழியில் பாவமன்னிப்பு.
ஆலை மூடிய வருடம்
காலி, காலி, காலி என்று பக்கம் முழுக்க ஒரே கை.
அப்புறம் ஒரே அச்சில் வார்த்த நானூறு கூரைகள்.
அதில் ஒன்றின் கீழே நான்,
முப்பது வருடக் கடனோடு.

கில் என்றால் தேவாலயமாம் அவர்கள் மொழியில்.
பழந்தமிழில் கில் என்றால் இயலுதல்.
இதனால் எதுவும் நிரூபணமாகாது.
இருந்தாலும் ஓரத்தில் குறித்துவைத்தேன்.

தெரு ஒன்றிருக்கிறது மைக்கேல் பேரில்,
மூன்றே வருடம் கல் பொறுக்கியவன்.
ஹொனோரா பேரில்
தேடித் தேடியும் ஒரு சந்துகூட இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை நாலரை.
நிமிர்த்தும் செலவு: இருபத்து மூன்று லட்சம் டாலர்.
இடிபடுபவை: மருந்துக்கடை, பல் மருத்துவமனை,
ஹர்லீன் சமோசாக்கடையின் முன்பாதி.
பரிந்துரை: வேண்டாம்.
காரணம்: குடியிருப்பவரின் ஆட்சேபம்.

ஆட்சேபித்த தேதி கேட்டது கணினி.
1861 என்று அடித்தேன்.
செல்லாது என்றது, சிவப்பில்.
1900க்கு முன்னால் அதற்குப் போகத் தெரியாதாம்.

இன்றைய தேதியைப் போட்டேன்.